கையில் வந்து சேர்ந்த நோஞ்சான் கினி பிக்: வீடா, ஆஸ்பத்திரியா, வேறொருவர் கையா?

மே மாத விடுமுறையில் பிள்ளை அடம்பிடித்தது என்று கினி பிக் என்கிற சின்னக் கொறிக்கும் பிராணியை வாங்கிக் கொடுப்பார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஆகஸ்ட் வாக்கில் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "அக்கா, இது ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, மூலையிலேயே உக்காந்திருக்கு. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணுமா, வீட்டிலேயே பார்த்துக்கலாமா, இல்ல நீங்களே எடுத்துக்கிறீங்களா?"

ஏழு வருடமாகக் கினி பிக் வளர்க்கிறேன். அதனால் எங்கள் அடுக்குமாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இதற்கு நான்தான் ஆள் என்று ஆகிவிட்டது. மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். செலவையும் வரவையும் இரண்டு பத்தியாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

போன வருடம் கீழ் வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது ஒரு பறவைக் கூண்டை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு நோஞ்சான் கினி பிக். பஞ்சு என்று அதற்குப் பேர். கம்பித் தளம், அதன் மேல் நனைந்து காய்ந்து மொறமொறத்த செய்தித்தாள், வாடிய கேரட் துண்டு ஒன்று, பாதி மாரி பிஸ்கெட். பின்னங்கால் நகங்கள் ஜிலேபி மாதிரி சுருண்டிருந்தன. முதுகில் கை வைத்தால் எலும்பு எலும்பாக இடறியது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 430 கிராம். வளர்ந்த கினி பிக் 700 கிராமாவது இருக்க வேண்டும், நன்றாக இருக்கிறது என்றால் 1,200 வரை போகும். அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் பாதி தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டது? இதற்குப் பதில் தெரியாமல் மற்ற எதையும் யோசிக்க வேண்டாம். கினி பிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. நார்ச்சத்து போய்க்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். பன்னிரண்டு மணி நேரம் வாயில் எதுவும் படவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் என்றால் அவசரம். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் "வயிறு சரியாகட்டும்" என்று விடுவோமே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பட்டினியே குடலை நிறுத்தும், நின்ற குடலே பசியைக் கொல்லும். புழுக்கையைப் பாருங்கள். ஒரே அளவில் நீளவாட்டில் நிறைய இருந்தால் சரி. சின்னதாக, காய்ந்து, எண்ணி எடுக்கும் அளவுக்குத்தான் இருந்தால் உள்ளே சாப்பாடு போகவில்லை.

இரண்டாவது, எடை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில். ஆன்லைனில் மாவு எடைபோட விற்கிற சாதாரணத் தராசு போதும். ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால் நோய் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கினி பிக் இரையாகிற பிராணி, வலியை மறைக்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது, தராசு சொல்லிவிடும்.

மூன்றாவது, என்ன நோய்? கவனிக்கப்படாத கினி பிக்கிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது சிலதுதான். வைட்டமின் சி பற்றாக்குறை, சொறி, படர்தாமரை, கம்பித் தளத்தால் வந்த உள்ளங்கால் புண், வளர்ந்துபோன பல், சளி. இவற்றில் முதலாவதையும், லேசான கால் புண்ணையும் மட்டும் வீட்டில் சமாளிக்கலாம். மற்றதெல்லாம் மருந்துச் சீட்டு வேலை.

நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எல்லா வழியும் இதில்தான் முட்டி நிற்கும்: இரவு ஒரு மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் யார் எழுந்து ஊட்டுவது? எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊட்டுகிற வேலை உங்களுடையது.

ஐந்தாவது, உங்கள் வீடு. வேறு கினி பிக், முயல், பூனை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா? மதியம் அறையில் எவ்வளவு வெப்பம்? 18 முதல் 24 டிகிரிதான் அவற்றுக்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கும். சென்னையில் இது சின்ன விஷயமில்லை.

ஆறாவது, பிழைத்துவிட்டால் அப்புறம்? ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழும்.

பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பிராணி வாங்கிய விலை சில நூறு ரூபாய், மருத்துவச் செலவு எந்த வழியில் போனாலும் அதைத் தாண்டும். வீட்டில் யாராவது ஒருவர் "இந்தக் காசுக்கு இன்னொண்ணே வாங்கிடலாமே" என்பார். வாங்கிய விலையோடு வைத்தியச் செலவை ஒப்பிடுவது தப்பான கணக்கு. பசிக்கும் வலிக்கும் விலைச்சீட்டு கிடையாது. "என்னால் எவ்வளவு முடியும்" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதற்கு முதல் நாளே ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

## எந்த வழியானாலும் முதல் இரவு ஒன்றுதான்

முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம் மாதிரி இறுகி உப்பியிருந்தால் எதையும் ஊட்டாதீர்கள், நேரே மருத்துவமனைதான். மென்மையாக இருந்தால் ஊட்டலாம்.

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 1 மில்லி, 5 மில்லி சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஊட்டுவதற்கென்றே ஆக்ஸ்போ கம்பெனியின் கிரிட்டிகல் கேர் என்ற பொடி ஆன்லைனில் வருகிறது, விலை அதிகம். அது வந்து சேரும்வரை கினி பிக் பெல்லட்டை (குச்சி குச்சியாக விற்கும் உலர் தீவனம்) சுடுநீரில் ஊறவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டாமல் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 80 மில்லி என்பது கணக்கு. 430 கிராம் பஞ்சுவுக்கு 20 முதல் 35 மில்லி. அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு நாலைந்து மில்லிதான். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

முதல் வேளைக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. பழைய துவாலையில் கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, மடியில் என் வயிற்றோடு அணைத்து உட்காரவைத்தேன். முன்பல்லுக்குப் பின்னால், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. சிரிஞ்சைப் பக்கவாட்டிலிருந்து அங்கே நுழைக்க வேண்டும், நேரே முன்னாலிருந்து அல்ல. அரை மில்லி. தாடை அசைகிறதா என்று பார்த்து, விழுங்கிய பிறகு அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். பஞ்சு முதல் நாலு தடவையும் வாயோரம் வழியவிட்டது. தாடை, துவாலை, என் நைட்டி எல்லாம் பச்சை. ஐந்தாவது தடவை, ரொம்ப மெதுவாக, கடைவாய் அரைபடும் சத்தம் கேட்டது. காய்ந்த சருகை விரலால் நொறுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அப்புறம் வைட்டமின் சி. நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் இதைத் தானே செய்துகொள்ளாது. இது தெரியவந்த கதையே நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல்காரர்களுக்கு வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்குத் தானியத்தை மட்டும் தின்னக் கொடுத்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி. ஈறு கெட்டு, மூட்டு வீங்கி, எலும்பு தளர்ந்தது. பிஸ்கெட்டும் கேரட்டும் முயல் தீவனமும் மட்டும் போட்டு வளர்க்கிற ஒவ்வொரு வீடும் அறியாமல் அதே பரிசோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்திலேயே அறிகுறி தெரியும். தூக்கினால் கீச்சென்று கத்தும், நடக்க மறுக்கும், முடி முரட்டுத்தனமாகும். கடையில் கிடைக்கும் முயல் பெல்லட் முயலுக்கானது. முயல் தன் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும், அதனால் அந்தத் தீவனத்தில் அது இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆரோக்கியமான கினி பிக்குக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோயாளிக்கு 50 வரை. பஞ்சுவுக்கு 20 மில்லிகிராம் சொச்சம். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தைச் சிரிஞ்சில் அளந்து நேரே வாயில் கொடுங்கள். குடிநீரில் கலந்தால் வீரியம் சீக்கிரமே குறைந்துவிடும். காய்கறியில் என்றால் பச்சைக் குடைமிளகாய் 25 கிராம் அல்லது கொய்யா 10 கிராம் துண்டு ஏறக்குறைய அந்த அளவைத் தரும். நெல்லிக்காயைப் பஞ்சு முகர்ந்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டியது.

பட்டினி கிடந்த பிராணி என்று பாவப்பட்டு ஒரே நாளில் கீரைக்கட்டு முழுவதும் போடாதீர்கள், வயிற்றோட்டம் வரும். முதலில் புல். நல்ல உலர்புல் கிடைக்காவிட்டால், பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லைக் கழுவி ஆறவிட்டுக் கொடுக்கலாம். வண்டிப்புகை படிந்த, நாய்கள் கால் தூக்கிய சாலையோரப் புல் வேண்டாம். வைக்கோலில் சத்து இல்லை. அதைக் கீழே விரிக்கலாம், சாப்பாடாக நம்பக் கூடாது. எலும்பும் தோலுமாக இருப்பது வெயில் காலத்திலும் நடுங்கும். சுடுநீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள், வேண்டாமென்றால் நகர்ந்துபோக இடமும் விடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், எவ்வளவு அழுக்காக இருந்தாலும்.

இப்போது வழிகளுக்கு வரலாம்.

## வழி 1: வீட்டிலேயே, மருத்துவர் இல்லாமல்

அலைச்சல் இல்லை, பயமுறுத்தும் புது இடம் இல்லை. மருந்துச் செலவும் குறைவு. நன்றாகச் சாப்பிடுகிறது, எடை மட்டும் குறைவு, நகம் வளர்ந்திருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்றால் இந்த வழியே போதும். வைட்டமின் சி கொடுக்கத் தொடங்கி ஒரு வாரத்துக்குள் நடை மாறுவதைப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு, தாமதம். மூன்றாம் நாள் "நேத்தைவிடக் கொஞ்சம் பரவால்ல" என்று தோன்றும். அது மனசு சொல்வது. தராசு வேறு சொல்லும். இன்னொரு ஆபத்து, கூகுளில் பார்த்து மருந்து கொடுப்பது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் விற்கிற ஐவர்மெக்டின் ஊசி மருந்து சொறிக்குக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. அரைக் கிலோ கினி பிக்குக்குத் தேவை சுமார் 0.2 மில்லிகிராம். அதாவது 0.02 மில்லி, ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. கண்ணளவில் இதை எடுக்க முடியாது. மனிதர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் இதே ரகம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மூக்கில் சளி, மூச்சில் சத்தம், சிறுநீரில் ரத்தம், நனைந்த தாடை, வலிப்பு, சாய்ந்த தலை. இதில் ஒன்று இருந்தாலும் வழி 1 கிடையாது.

## வழி 2: பக்கத்துத் தெரு நாய்-பூனை கிளினிக்

பத்து நிமிடத்தில் போய்விடலாம். மாலையில் திறந்திருக்கும். நகம் வெட்ட, காய்ச்சல் பார்க்க, உடம்பில் நீர் வற்றியிருந்தால் தோலுக்கடியில் சலைன் ஏற்ற இது போதும். நள்ளிரவு அவசரத்துக்கும் சில சமயம் இதுதான் கிடைக்கும்.

பஞ்சுவுடன் என் முதல் தப்பு இங்கேதான் நடந்தது. இரண்டாம் நாள் அது முதுகைச் சொறியத் திரும்பி, அப்படியே சாய்ந்து கால்களை உதறியது. வலிப்பு என்று பயந்து அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். தோல் புண்ணுக்கென்று அமாக்சிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறக்கும்போதுதான் எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழி போனால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, விஷம் ஏறிச் செத்துப்போகும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாமே இந்தப் பட்டியல்தான். நாய்க்கு இவற்றில் பல தினசரி மருந்து. அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை, தினமும் கைக்கு வருவதை எழுதினார். தப்பு, கேட்காமல் போன என்னுடையது.

ஆகவே, இந்த வழிக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கும்போதே கேளுங்கள்: "டாக்டர், கினி பிக்குக்குப் பென்சிலின் வகை ஒத்துக்காதுன்னு கேள்விப்பட்டேன், வேற எது கொடுப்பீங்க?" என்ரோபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்பா என்று பதில் வந்தால் நம்பி உட்காரலாம். கோபித்துக்கொண்டால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

## வழி 3: அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

சென்னையில் என்றால் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய கல்லூரியின் போதனா மருத்துவமனை அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் இப்படி உண்டு. நம் ஊரில் பலர் "அது மாட்டாஸ்பத்திரி ஆச்சே" என்று இதை யோசிப்பதே இல்லை. என் கணக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான். எக்ஸ்-ரே, ஸ்கேன், ரத்தம், தோல் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. ஒருவருக்குத் தெரியாவிட்டால் இன்னொரு துறையில் கேட்க ஆள் இருக்கும்.

பஞ்சுவின் தோலை ஒரு கல்லூரி மருத்துவமனையில்தான் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். குட்டைக் கால்களோடு உருண்டையாக ஒன்று நகர்ந்தது. டிரிக்சாகாரஸ் என்கிற, சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி. அரிப்பு அவ்வளவு உக்கிரமாக இருப்பதால்தான் வலிப்பு மாதிரி உதறிக்கொள்ளுமாம். மூளையில் கோளாறு இல்லை. அளந்து ஐவர்மெக்டின் போட்டார்கள். முட்டைகளை மருந்து கொல்லாது என்பதால் பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னார்கள்.

இதில் மறைந்த செலவு உங்கள் லீவு. மூன்று தடவை என்றால் மூன்று அரைநாள். கல்லூரி மருத்துவமனை என்றால் கூட்டம் இருக்கத்தான் செய்யும், சுற்றிலும் நாய்கள் குரைக்கும். கினி பிக்குக்கு அதுவே பாதி நோய். காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள், மதிய வெயிலில் ஆட்டோவில் கொண்டுபோகாதீர்கள். கூடையை வெள்ளைத் துணியால் மூடி, உள்ளே புல்லும் ஒரு வெள்ளரித் துண்டும் வையுங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டும் சிரிஞ்சும் கலவையும் கையோடு இருக்கட்டும், நடுவில் ஒரு வேளை வந்துவிடும்.

## வழி 4: சின்னப் பிராணிகளைப் பார்க்கும் தனியார் மருத்துவர்

முயல், கினி பிக், ஆமை, கிளி என்று பார்க்கிறவர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள், அங்கேயும் விரல்விட்டு எண்ணலாம். பல் பிரச்சினை என்றால் நான் வேறு யோசனையே செய்ய மாட்டேன், இதுதான். கினி பிக்கின் இருபது பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்பவை. புல் இல்லாமல் பிஸ்கெட்டில் வளர்ந்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் உள்பக்கமாக வளைந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். சாப்பிட ஆசையாக வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டு நிற்கும். தாடை நனைந்திருக்கும். முன்பல்லை மட்டும் வெட்டிவிட்டால் இது தீராது. மயக்கம் கொடுத்துக் கடைவாயைச் சரிசெய்ய வேண்டும். அந்த மயக்கம்தான் கைதேர்ந்தவரிடம் போக வேண்டிய காரணம்.

அதே போல, பெண்ணாக இருந்து வயிறு பக்கவாட்டில் புடைத்திருந்தால். ஆணும் பெண்ணும் பிரிக்காமல் வைத்த இடத்திலிருந்து வந்த பெண் குட்டி, சினையாக இருக்க வாய்ப்பு உண்டு. சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஏழெட்டு மாதம் தாண்டிய பிறகு முதல் பிரசவம் என்றால் இடுப்பெலும்பு இறுகி, குட்டி சிக்கிக்கொள்ளக்கூடும், ஆபரேஷன் தேவைப்படலாம்.

செலவு வெளிப்படையாகவே அதிகம். மறைந்திருப்பது தொடர் செலவு: கெட்டுப்போன கடைவாய்ப் பல் ஒரு தடவையில் சரியாகாது, சில வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒரு முறை திரும்ப வர வேண்டியிருக்கும். முதல் நாளே "இது எத்தனை தடவை?" என்று கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், அவருக்குக் கினி பிக் பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

## வழி 5: வளர்த்துப் பழகியவர் கையில் கொடுத்துவிடுவது

"நான் பொறுப்பில்லாதவள்னு நினைக்காதீங்க அக்கா" என்று அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்பவர், இவர்களால் நாலு மணிக்கொருதரம் ஊட்ட முடியாது. நேரம் இல்லாத வீட்டில் இருப்பதைவிட நேரம் இருக்கும் கைக்குப் போவது மேல்.

ஆனால் கொடுப்பவர் பார்க்காத செலவு ஒன்று வாங்குபவர் வீட்டில் விழுகிறது. பஞ்சுவைத் தனி அறையில் மூன்று வாரம் வைத்தேன். தனிக் கிண்ணம், தனித் துணி, கடைசியாகத்தான் அதன் கூண்டைத் தொடுவேன். அப்படியும் சொறி போன பிறகு மூக்கோரம் முடி கொட்டி வட்டம் வட்டமாகத் தெரிந்தது, படர்தாமரை. ஒரு வாரத்தில் என் முன்கையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்த வளையம். தோல் டாக்டருக்கும் களிம்புக்கும் கொடுத்தது என் பஞ்சு கணக்கில் தனி வரி. குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கைமாற்றும்போது இதைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

முயல் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் ஒரே கூண்டில் விடக் கூடாது என்றும் சொல்லுங்கள். முயலிடம் நோய் காட்டாமல் தங்கும் போர்டெடெல்லா கிருமி கினி பிக்குக்கு நிமோனியா தரும். தொண்டு அமைப்புகளிடம் கொடுப்பதானால் முதலில் போன் செய்து கேளுங்கள். நாய்களுக்கும் மாடுகளுக்கும் நடுவே கினி பிக்குக்கு இடமும் ஆளும் இருக்கிறதா என்று தெரியாமல் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவது, என் வாசலில் கீழ் வீட்டுக்காரர்கள் செய்ததேதான்.

## வழி 6: வலியில்லாமல் முடித்துவைப்பது

இதை எழுதாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. ஊட்டியும் எடை இறங்கிக்கொண்டே போகிறது, முதுகெலும்பு முறிந்திருக்கிறது, பல்வேர் தாடையைத் துளைத்து மயக்கம் தாங்கும் தெம்பும் இல்லை, மூச்சுக்குத் தவிக்கிறது என்றால் மருத்துவரிடம் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் மயங்கவைத்து, அப்புறம் ஊசி. வேறு எந்த "வீட்டு முறை"யும் கூடாது. செலவைப் பார்த்து இந்த வழிக்கு வருகிறவர்கள், வருவதற்கு முன் வழி 3-ஐ ஒருமுறை முயன்றுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பூங்காவிலோ காலி மனையிலோ விட்டுவிடுவதை ஏழாவது வழியாகச் சிலர் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடமாக மனிதர் கையில் வளர்ந்த தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பிராணி அது. காக்கையும் தெருப்பூனையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருத்தம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|
| வீட்டில் மட்டும் | சாப்பிடுகிறது, எடை மட்டும் குறைவு | தாமதம், கைவைத்தியம் |
| பக்கத்து கிளினிக் | நகம், நீரேற்றம், இரவு அவசரம் | ஒத்துக்கொள்ளாத மருந்து |
| கல்லூரி மருத்துவமனை | சொறி, சளி, சிறுநீரில் ரத்தம், என்னவென்றே தெரியாதது | லீவு, அலைச்சல், சத்தம் |
| தனியார் சிறப்பு மருத்துவர் | பல், சினை, ஆபரேஷன் | திரும்பத் திரும்ப வருவது |
| கைமாற்றுவது | உங்களிடம் நேரமே இல்லை | வாங்குபவர் வீட்டுக்குத் தொற்று |
| முடித்துவைப்பது | மீளாத வலி | தாமதித்தால் அதன் வேதனை |

கட்டங்கள் தெளிவாக இருப்பது போலத் தோன்றும். நிஜத்தில் ஒன்றோடொன்று கலக்கும். பஞ்சு விஷயத்தில் நான் நடந்தது 1, 2, 3, பிறகு 1. நீங்கள் கேட்டால், சாப்பிடாத கினி பிக் கையில் இருக்கும் ஒருவருக்கு நான் சொல்வது: இன்றிரவு ஊட்டுங்கள், நாளை காலை வழி 3, அங்கே பல் என்று சொன்னால் வழி 4. இரவில் எழ முடியாது என்று தெரிந்தால் இன்றைக்கே வழி 5-க்குப் போன் போடுங்கள், மூன்று நாள் முயன்றுவிட்டு அல்ல. சாப்பிடுகிற, துள்ளுகிற, அழுக்கான கினி பிக் என்றால் ஆஸ்பத்திரிக்கு அலையவே வேண்டாம், தராசும் குடைமிளகாயும் போதும்.

வைத்துக்கொள்வதாக முடிவெடுப்பவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. தனியாக வளரக்கூடிய பிராணி இல்லை இது. ஸ்விட்சர்லாந்தில் 2008-லிருந்து கினி பிக்கை ஒற்றையாக வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. பஞ்சுவை மூன்று வாரத் தனிமைக்குப் பிறகும், படர்தாமரை முழுக்க ஆறும்வரை கூடுதலாக ஒரு மாதம் தள்ளியே வைத்து, அப்புறம்தான் என் பழைய பெண் கினி பிக்குகளோடு சேர்த்தேன். முதல் நாள் பல்லை நறநறத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு மூலையில் கொத்துமல்லிக் கட்டைப் பிரித்துப் போட்டேன். மறுநாள் காலை நான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த சத்தத்துக்கு மூன்று குரல் "வீக், வீக்" என்று கேட்டது. தராசில் 690.